எழும்பாத கால்கள், ஓயாத கைகள்



இந்த மாதம் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரின் ஜீவியத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு முன்னே ஒரு அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுத என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன் பைக்கில் போய்க்கொண்டிருந்த என்னைப் பின்னாலே வந்த ஒரு வேன் தட்டிவிட்டது. முதுகு ரோட்டோரக் கல்லில் மோத விழுந்தேன். முதுகெலும்பில் ஒரு எலும்பு நொறுங்கிப் போச்சு. நாலு மாசம் மல்லாந்த படுக்கை. சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். கர்த்தர் இரக்கம் பாராட்டினார். எழும்பி நடந்தேன். அவருக்கே மகிமை.

சுகமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல முன்னே வந்தேன். நன்றி சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விசுவாசம் உள்ளவனைப் படுக்கை பிடித்து வைக்க முடியாது, அவிசுவாசிதான் படுத்தே கிடப்பான் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லிப்புட்டேன். ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு தாயார் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே எழுந்து போனார்கள்.

அவர்களுடைய மகன் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவன். அவனும் ரோட்டில் அடிபட்டவன்தான். எங்கள் இரண்டு பேர் மேலும் ஒரே பாஸ்டர் கைவைத்து ஜெபித்தார். ஒரே எண்ணெய்தான் பூசப்பட்டது. அந்தத் தாயார் இரவெல்லாம் கட்டிலடியில் முழங்காலில் இருந்ததை நானே என் கண்ணால் கண்டேன். நான் நடந்தேன். அவன் நடக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பரிசுத்த ஆவியானவர் என்னை உணர்த்தத் தொடங்கினார். அந்த நாட்களில்தான் மேரி வர்கீஸ் அம்மையாரின் சரித்திரம் என் கைக்கு வந்தது. அது என் வாயை அடைத்தது, என் கண்ணைத் திறந்தது.

கொச்சி நாட்டு வீடு

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு மே மாதம் கொச்சி சமஸ்தானத்தில், இன்றைய எர்ணாகுளம் மாவட்டத்தில், கடலோரமாய் இருக்கிற செறாயி என்ற ஊரில் பிறந்தார். வசதியான சுரியானி கிறிஸ்தவக் குடும்பம். பெரிய வீடு, நிறையப் பிள்ளைகள், வேதமும் ஜெபமும் பழக்கமான வீடு. ஆனால் பரம்பரைக் கிறிஸ்தவம் வேறே, தானே ஆண்டவரைக் கண்டடைவது வேறே என்பது நமக்குத் தெரியும்.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்த பிறகு, டாக்டராகும் வாஞ்சையோடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். வேலூர் நம்முடைய தமிழ்நாட்டு ஜனங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு 1900-இல் ஆரம்பித்த ஊழியம் அது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பிறகு கல்லூரியாய் வளர்ந்தது. அங்கேதான் மேரியின் விசுவாசம் சொந்த விசுவாசமானது. தன் வாழ்க்கையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். படிப்பை முடித்துப் பெண்களுக்கான வைத்தியத்தில், பிரசவ வைத்தியத்தில் தேர்ச்சி பெற ஆரம்பித்தார்.

வயது இருபத்தெட்டு. கையில் பட்டம், உள்ளத்தில் தரிசனம், முன்னே நீண்ட ஊழியப் பாதை. நாம் எல்லாரும் இப்படிப்பட்ட வாலிபப் பிள்ளைகளைப் பார்த்து, தேவன் பெரிய காரியம் செய்வார் என்று ஆசீர்வதிக்கிறோம் அல்லவா?

1954 ஜனவரி 30

அன்றைக்கு வேலூரின் இளம் டாக்டர்கள் சிலர் ஒரு ஸ்டேஷன் வேகனில் உல்லாசமாய் வெளியூர் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில் முன்னே போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தார்கள். வண்டி கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்து உருண்டது. ஒரு நிமிஷத்துக்குள்ளே எல்லாம் முடிந்துபோச்சு.

மேரியின் முகம் கன்னத்திலிருந்து கிழிந்திருந்தது. அதைவிடப் பெரிய காயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. முதுகெலும்புக்குள்ளே இருக்கிற தண்டுவடம் சேதமாகியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாய்ச் சொல்கிறேன். நானே படுக்கையில் கிடந்துதான் கற்றுக்கொண்டேன். முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறுசிறு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் நடுவே ஒரு குழாய் போன்ற வழி. அந்த வழியாய் மூளையிலிருந்து இறங்கி வருகிறதுதான் தண்டுவடம். நம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. நட என்று மூளை கொடுக்கிற கட்டளை அதன் வழியாய்த்தான் காலுக்குப் போகிறது. முள் குத்தினது என்ற செய்தியும் அதன் வழியாய்த்தான் மேலே வருகிறது. எலும்பு உடைந்தால் கூடும். தண்டுவடம் அறுந்துபோனால் அது தானாய் மறுபடி இணைகிறதில்லை. என் எலும்பு உடைந்தது, தண்டுவடம் தப்பியது. அடுத்த கட்டில் பையனுக்கு இரண்டும் போனது. எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். அதை அந்தத் தாயாரின் விசுவாசக் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

படுக்கையின் பள்ளத்தாக்கு

1954-இல் இந்தியாவில் இடுப்புக்குக் கீழே விழுந்துபோனவர்களின் நிலைமை மிகப் பரிதாபமானது. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் முதுகுக் காயம் அல்ல. ஒரே பக்கமாய்ப் படுத்துப் படுத்து உண்டாகிற படுக்கைப் புண்ணும், சிறுநீர் சரியாய் வெளியேறாமல் சிறுநீரகத்துக்கு ஏறுகிற விஷமும்தான். உலகம் முழுவதுமே அப்படித்தான் இருந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத வைத்தியர் லூட்விக் குட்மன் என்பவர் 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் முதுகுத்தண்டு காயப்பட்டவர்களுக்கென்று ஒரு பகுதியைத் திறந்தார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தாலே புண் வராது, சாவு குறையும் என்று காண்பித்தார். நம் தேசத்தில் அப்படி ஒரு ஸ்தாபனம் அப்பொழுது இல்லை.

வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோடையில் மேரி அசைய முடியாமல் படுத்திருந்தார். முதுகெலும்பில் பெரிய அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. நர்சுகள் ஊசியால் காலைக் குத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சிறுநீர், மலம் அடங்கும் பலமும் போயிற்று. நேற்றுவரை நோயாளிகளின் கட்டிலருகே நின்றவர் இன்று அதே கட்டிலில் மற்றவர் கையை எதிர்பார்த்துக் கிடந்தார்.

அங்கே ஜெபத்துக்குக் குறைவில்லை. அது ஜெபிக்கிற ஆஸ்பத்திரி. அவருக்காக ஜெபித்தவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்களும் அல்ல. ஆனாலும் கால்கள் எழும்பவில்லை. ஏன் எனக்கு இப்படி வந்தது, இது தேவன் எனக்குக் கொடுத்த தண்டனையா என்ற போராட்டம் மேரியின் உள்ளத்தில் மாதக்கணக்காய் இருந்தது. பிரியமானவர்களே, இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இன்றைக்கு நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதற்காக ஆண்டவர் மேரியைத் தள்ளிவிடவில்லை. யோபுவையும் தள்ளவில்லை.

கொல்லிமலையில் பிறந்தவர் கொண்டுவந்த யோசனை

அந்த நாட்களில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்ற ஊழியக்காரர் இருந்தார். ஆங்கிலேயர், ஆனாலும் 1914-இல் நம்முடைய கொல்லிமலையிலே மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946 கடைசியில் வேலூருக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்துகிற வழியைக் கண்டுபிடித்தவர். தொழுநோய் நரம்பைத் தின்றுவிடுகிறபடியினால் கையிலிருக்கிற சிறிய தசைகள் செத்துப்போய் விரல்கள் நகம்போல் வளைந்துவிடும். முழங்கைக்குக் கீழே நல்லாய் இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களுக்குக் கொண்டுபோய்த் தைத்துவிட்டால் அந்த விரல் மறுபடி வேலை செய்யும். பிச்சைக்கு மட்டும் நீண்ட கை, சாப்பாட்டைப் பிசையவும் பேனா பிடிக்கவும் ஆரம்பிக்கும்.

இந்த டாக்டர் பிராண்ட் ஒருநாள் மேரியின் கட்டிலருகே வந்து, டாக்டராய் உன் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க வேளை வந்துவிட்டது என்கிற விதமாய்ப் பேசினார். மேரிக்கு அது கேலிபோல் இருந்தது. உட்காரக்கூட முடியாதவளுக்கு என்ன எதிர்காலம்? ஆனால் அவர் கேலி செய்யவில்லை. பிரசவ அறையில் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வயிற்றை அறுக்கிற வைத்தியரும் நின்றே ஆக வேண்டும். கைக்குச் செய்கிற அறுவைச் சிகிச்சையை மாத்திரம் உட்கார்ந்தே செய்யலாம். உனக்குக் கால் போய்விட்டது. கை இருக்கிறதே!

எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போது மோசே ஞாபகத்துக்கு வருகிறார். எரிகிற முட்செடியின் அருகே கர்த்தர் அவரிடத்தில், உன்னிடம் இல்லாதது என்ன என்று விசாரிக்கவில்லை. கையிலிருப்பது என்ன என்றுதான் விசாரித்தார். மேரி கால்களுக்காக அழுதுகொண்டிருந்தார். கர்த்தரோ அவருடைய கைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

இது ஒரே ராத்திரியில் நடந்த அற்புதம் அல்ல. முதலில் உட்காரப் பழக வேண்டும். இடுப்பில் பலமில்லாத சரீரம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடும். மணிக்கணக்காய் வேதனையோடு பயிற்சி. பிறகு நாற்காலியில் ஏற, இறங்க, சக்கரத்தைத் தள்ளப் பழக்கம். அதற்குப் பிறகு அறுவைச் சிகிச்சை அறையில் உதவி செய்ய ஆரம்பித்தார். உட்கார்ந்தபடியே மணிக்கணக்காய் வேலை செய்வது அவருக்கு மிகுந்த களைப்பு. அப்படியிருந்தும் படிப்படியாய்க் கற்று, தொழுநோயாளிகளின் கைகளைத் தானே சீர்ப்படுத்துகிற சர்ஜன் ஆனார்.

தொழுநோய் வார்டில் நடந்ததுதான் பெரிய காரியம். வீட்டாரால் தள்ளப்பட்டு, முகம் கோணி, கை முடங்கி, வாழ்வே வேண்டாம் என்று கிடந்தவர்கள் அவர்கள். நல்ல உடம்போடு வருகிற டாக்டர் தைரியமாயிரு என்று சொன்னால், உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க என்று மனசுக்குள் நினைப்பார்கள். இந்த டாக்டரம்மா அப்படி வரவில்லை. அவர் முகத்தில் நீண்ட தழும்பு. அவர் கால்கள் அவர்களுடைய கால்களைவிட மோசம். அவர் வார்டுக்குள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாலே அவர்கள் முகம் மாறும். தங்களைவிட அதிகமாய் ஊனமுற்றவர் தங்களுக்கு வைத்தியம் செய்கிறார் என்று கண்டபோது, அவர்களுக்குள் செத்துக்கிடந்த நம்பிக்கை உயிர்த்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தொழுநோயாளிக்குக் கையிலும் காலிலும் வலி தெரியாது. நெருப்பைத் தொட்டாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. அவர்களுடைய விரல்கள் தானாய் அழுகி விழுகிறதில்லை, வலி என்கிற காவல்காரன் இல்லாததினாலேதான் காயப்பட்டுத் தேய்ந்து போகிறது என்று டாக்டர் பிராண்ட் கண்டறிந்தார். மேரிக்கும் இடுப்புக்குக் கீழே வலி இல்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தால் அவருக்கே தெரியாமல் தோல் அழுகிப் புண் வரும். வாழ்நாள் முழுவதும் அந்தப் புண்களோடு அவர் போராடினார். ஆகவே, வலி தெரியாத இடத்தைத் தினமும் கண்ணால் பார்த்துக் காத்துக்கொள் என்று அவர் தொழுநோயாளிக்குச் சொன்னால், அது புத்தகத்தில் படித்த புத்திமதி அல்ல.

தான் உபத்திரவத்தில் அடைந்த ஆறுதலினாலே மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லத் திராணி உண்டாகிறது என்று 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் எழுதுகிறாரே, அது இதுதான்.

கடல் கடந்து படித்ததும் திரும்பி வந்ததும்

மேரி இத்தோடு திருப்தியடைந்து உட்கார்ந்துவிடவில்லை. சிகிச்சைக்கும் பயிற்சிக்குமாய் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் பட்டணத்துக்குப் போனார். தன்னைப் போன்றவர்கள் தாங்களே குளித்து, உடுத்தி, வேலைக்குப் போகிறதை அங்கே கண்டார். ஒருவேளை உங்களுக்கு இது சின்ன விஷயமாய்த் தோன்றலாம். ஒரு குவளைத் தண்ணீருக்கும் அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய நிலையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

பிறகு அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்தின மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஊனமடைந்த போர்வீரர்களை மறுபடி வாழ்க்கைக்குக் கொண்டுவந்த அனுபவமுள்ளவர் அந்த டாக்டர். காயத்தை ஆற்றுவதோடு வைத்தியம் முடிகிறதில்லை, அந்த மனிதனை மறுபடி வீட்டுக்கும் வேலைக்கும் சமுதாயத்துக்கும் சேர்க்கும்போதுதான் முடிகிறது என்பது அவருடைய போதனை. கால் இழந்த ஒரு இந்தியப் பெண், குளிர் நிறைந்த அந்நிய தேசத்தில், நடக்கிறவர்களோடு சமமாய் உட்கார்ந்து படித்து அந்தத் துறையில் நிபுணரானார்.

அங்கேயே இருந்திருந்தால் வசதிக்குக் குறைவில்லை. சக்கர நாற்காலி போக வழி, லிப்ட், எல்லாம் உண்டு. ஆனாலும் படியும் மேடும் பள்ளமுமான வேலூருக்கே திரும்பி வந்தார். 1963-இல் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966-இல், வேலூரை அடுத்த பாகாயத்தில், தங்கிச் சிகிச்சை பெறுகிற மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவிலே அந்த விதமான நிலையம் அதுவே முதலாவது. வேலூர்க்காரர்கள் அதைச் சுருக்கமாய் ரிஹாப் என்று சொல்லுகிறார்கள்.

ஆலமரத்திலிருந்து விழுந்தவன், கிணற்றில் விழுந்தவன், லாரி மோதினவன் என்று முதுகொடிந்து வீட்டு மூலையில் சாவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அங்கே கதவு திறந்தது. படுக்கையில் புரளவும், கையை ஊன்றி நாற்காலிக்கு மாறவும், தன் தோலைத் தானே பார்த்துக்கொள்ளவும், சிறுநீரைக் குழாய் வைத்துத் தானே எடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கூட வந்த அம்மாவுக்கும் மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார்கள். உட்கார்ந்தே செய்யக்கூடிய கைத்தொழிலையும் யோசித்தார்கள். இப்படி வந்தவர்களுக்கு முதல் நாளிலேயே ஒரு பெரிய பிரசங்கம் கிடைத்தது. அந்த நிலையத்தின் தலைமை டாக்டரே சக்கர நாற்காலியில் வந்தார்கள்!

1972-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அதற்கு முன்பே 1963-இல், டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக்கியிருந்தார். என் கைகளை எடுத்துக்கொள்ளும் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. ஊனமுற்றவர்கள் தொழில் கற்றுத் தங்கள் காலில் நிற்கும்படி தம் பெயரில் ஒரு டிரஸ்டையும் அம்மையார் ஏற்படுத்தினார். 1986 டிசம்பரில், தமது 61-ஆம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். விபத்து நடந்த அந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 33 வருஷம். அவர் ஆரம்பித்த வேலை இன்றைக்கும் வேலூரில் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் தெய்வீக சுகம்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம்முடைய சபை தெய்வீக சுகத்தை விசுவாசிக்கிற சபை. நானும் விசுவாசிக்கிறேன். இயேசு நேற்றும் இன்றும் மாறாதவர். வியாதியஸ்தர் மேல் கைவைத்து ஜெபிப்பதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். முதுகொடிந்தவன் எழுந்து நடக்க அவரால் கூடும்.

ஆனாலும் வேதத்தை முழுவதுமாய் வாசிக்க வேண்டும், பிரியமானவர்களே. யாபோக்கு ஆற்றங்கரையில் ஆசீர்வாதம் வாங்கின யாக்கோபு நொண்டி நொண்டித்தான் சூரிய உதயத்தில் நடந்து வந்தான். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் முள் எடுக்கப்படவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. அவருடைய துணியைத் தொட்டவர்களே சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதியாய் விட்டு வந்தார். பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று நம்மில் யாராவது சொல்லுவோமா?

பிறவிக் குருடனைக் கண்டதும் இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீஷர்கள் விசாரித்தார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டு, தேவனுடைய கிரியை வெளிப்படுவதைப் பற்றிப் பேசினார். மேரி அம்மையாரின் வாழ்க்கையிலும் அந்தத் திருப்பத்தைத்தான் நான் பார்க்கிறேன். ஏன் வந்தது என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான பதில் கிடைத்தது.

மேவிபோசேத்தை நினைத்துப் பாருங்கள். அவனும் விபத்தில் முடமானவன்தான். அவசரமாய் ஓடின தாதியின் கையிலிருந்து ஐந்து வயதில் விழுந்தான். தாவீது அவனைக் கூப்பிட்டு அனுப்பினபோது, நடக்கப் பழகிக்கொண்டு வா என்று நிபந்தனை போடவில்லை. இரண்டு காலும் முடமாயிருந்தபடியே ராஜாவின் பந்தியில் தினந்தோறும் உட்கார்ந்தான். நம்முடைய சபையின் பந்தி மட்டும் நடக்கிறவர்களுக்குத்தானா?

சபையாருக்குச் சில காரியங்கள்

நம் தேசத்தில் 2022-ஆம் ஆண்டில் மாத்திரம் 1,68,000-க்கும் அதிகமானவர்கள் சாலை விபத்தில் மரித்தார்கள். மரிக்காமல் படுக்கையில் விழுந்தவர்கள் வேறே. ஆகவே இவைகளைக் கவனியுங்கள்.

முதலாவது, அடிபட்டவரைக் கைகாலைப் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அறுத்துவிடலாம். தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால், கழுத்தும் முதுகும் அசையாதபடி பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கியே ஆகவேண்டுமென்றால், பல பேர் சேர்ந்து, தலையும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்க, பலகையில் வைத்துத் தூக்குங்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வந்தார்களே, அது நல்ல மாதிரி!

இரண்டாவது, போலீஸ், கேஸ் என்று பயந்து விலகிப் போகாதீர்கள். உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, பேர் விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட் நெறிமுறைகளை அங்கீகரித்தது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. நல்ல சமாரியனைப் போல நடக்க இனி நமக்குச் சாக்குப்போக்கு இல்லை.

மூன்றாவது, படுக்கையில் இருக்கிறவர் வீட்டுக்குப் போனால் ஜெபித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிற அந்த அம்மாவுக்குத் தூக்கம் உண்டா என்று கேளுங்கள். ஒரு ராத்திரி நீங்கள் முறை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, என்ன பாவம் செஞ்சீங்களோ என்று கேட்காதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாய்த்தான் இருந்தார்கள்.

அந்தத் தாயாரின் வீட்டில்

கடைசியாய் என் காரியம். இந்தச் சரித்திரத்தைப் படித்து முடித்த வாரத்தில் நான் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை, உள்ளே வாங்க என்று மட்டும் கை காட்டினார்கள். நான் மகனின் கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். தம்பி சிரித்தான். அண்ணே, நீங்க நடந்ததுக்கு நானும் அன்னைக்கு ஸ்தோத்திரம் பண்ணினேன் என்ற அர்த்தத்தில் அவன் சொன்ன வார்த்தை இன்னும் என் நெஞ்சைப் பிளக்கிறது. விசுவாசக் குறைவுள்ளவன் என்று நான் மேடையில் சொன்னவன், என் சுகத்துக்காக நன்றி சொன்னவனாயிருந்தான்.

அவனுக்கு மேரி அம்மையாரின் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்பொழுது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் செய்கிறான். நம் ஆலய வாசலில் இருந்த மூன்று படியை ஒரு பக்கமாய்ச் சரிவாக்கிக் கட்டினதும் அவனுக்காகத்தான். சிலர் எதற்கு இந்தச் செலவு என்று கேட்டீர்கள். இப்பொழுது அந்தச் சரிவில் முழங்கால் வலிக்கிற வயதான அம்மாமாரும் ஏறி வருகிறார்கள்.

அவனுக்காக நான் இன்னும் ஜெபிக்கிறேன். கர்த்தர் சித்தமானால் அவனும் நடப்பான். நடக்காவிட்டாலும் அவன் அவருடைய பாத்திரம்தான். இதை வாசிக்கிற நீங்கள் படுக்கையில் இருந்தால், உங்கள் கால்களுக்காக எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள். அதேவேளையில், உங்களிடத்தில் மீந்திருப்பது கையோ, கண்ணோ, ஜெபிக்கிற நாவோ, எதுவானாலும் அதை இன்றைக்கே அவரிடம் கொடுங்கள்.

அன்பின் பரலோகப் பிதாவே, முதுகொடிந்து கிடக்கிற எங்கள் சகோதர சகோதரிகளைத் தொடும். அவர்களைப் புரட்டிப் பார்த்துப் பராமரிக்கிற தாய்மார்களுக்கும் மனைவிமார்களுக்கும் புதுப்பெலன் தாரும். நடக்கிற எங்களைப் பெருமையிலிருந்து விடுவியும். அஜாக்கிரதையாய் வண்டி ஓட்டுகிற எங்கள் வாலிபரைக் காத்துக்கொள்ளும். எங்கள் கைகளை எடுத்து உபயோகியும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.